ஒரு தெளிவுரையும் பதினோரு வேலைகளும்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
புதன்கிழமை

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

ஷ்யாமளா நமஸ்காரத்துடன் எழுதுவது. நீங்களும் மன்னியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீங்கள் யோசனை சொல்வீர்கள். அதனால்தான் மின்னஞ்சல்.

அதிபர் கையெழுத்திட்ட அந்த ஆணையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சொன்னேன் அல்லவா? அதை நான் முழுக்கப் படித்தேன். எங்கள் கட்டடத்தில் அதைப் படித்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதில் இருப்பதெல்லாம் 'தகுதிகாண் பருவத்தில் உள்ள ஊழியர்களின் தேவையை மறுபரிசீலனை செய்க' என்ற ஒரு வாக்கியம். வாஷிங்டனில் எங்கள் தலைமை அலுவலகம் அதை 'எண்ணிக்கையைக் குறைக்க' என்று புரிந்துகொண்டது, அதற்குக் கீழே இருப்பவர்கள் தாங்கள் மெத்தனமாக இருந்ததாகப் பேர் வரக்கூடாதே என்று 'நீக்குக' என்று மாற்றினார்கள், எங்கள் பிராந்திய அலுவலகத்துக்கு வரும்போது 'வெள்ளி மாலை நான்கு மணிக்குள்' என்பதும் சேர்ந்துவிட்டது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவர் என்ன நினைப்பார் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நான் ஏன் பயந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஆற்று நீர்மட்டக் கணக்கு பார்க்கிறேன், எந்த அதிபர் வந்தாலும் ஆறு ஏறும், இறங்கும், நான் எழுதிக்கொண்டிருப்பேன். பத்து மாதத்துக்கு முன் பதவி உயர்வு வந்தது. நான் தயங்கினேன். "தானா வர ப்ரமோஷனை யாராவது வேண்டாம்பாளா?" என்று கேட்டவர் நீங்கள். புதிய பதவி என்பதால் முதல் ஒரு வருடம் நானும் தகுதிகாண் பருவம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று நிர்வாகப் பிரிவு ரெபெக்காவிடம் கேட்டேன். நாகர்கோவில் பெண், பொய் சொல்லத் தெரியாது. "அக்கா, லிஸ்ட் எங்கிட்டதான் இருக்கு. ஆனா அதைத் திறக்க எனக்கு பெர்மிஷன் இல்ல" என்றாள்.

இந்த நிலையில்தான் உங்களைக் கூப்பிட்டேன். தலைமைச் செயலகத்தில் முப்பத்திநாலு வருடம் இருந்தவர் நீங்கள், நான் கேட்டது ஆறுதல் மட்டும்தான். "அசடே, ஆணை வந்தா முடியாதுன்னு சொல்லப்படாது. அதுக்கு என்ன அர்த்தம்னு தெளிவுரை கேக்கணும். தெளிவுரை வரவரைக்கும் ஃபைல் பெண்டிங். பெண்டிங் ஃபைல்ல ஒருத்தன் வேலையும் போகாது. என் சர்வீஸ்ல நான் ஒரு ஆணையையும் மறுத்ததில்லே, நடத்தினதும் இல்லே" என்றீர்கள். அப்போது அது எனக்கு மிகப் பெரிய ஞானமாகப் பட்டது. நீங்கள் சொல்லச் சொல்ல ஏழு கேள்விகள் எழுதிக்கொண்டேன். பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு எல்லாம் போட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, திங்கள் காலை என் மேலதிகாரி டக் வழியாக மேலே அனுப்பினேன். டக் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கான கடிதத்தை இந்த அலுவலகத்தில் பார்த்ததே இல்லை என்றார்.

அண்ணா, உங்கள் செயலகத்தில் பதில் வர எட்டு மாதம் ஆகும். இங்கே இருபத்தாறு மணி நேரத்தில் வந்துவிட்டது. ஆறு கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஐந்தாவதற்கு மட்டும் இருந்தது. 'பதவி உயர்வு பெற்றவர்களும் தகுதிகாண் பருவத்தினராகக் கருதப்படுவார்களா?' என்பது அந்தக் கேள்வி. பதில்: 'சுட்டிக்காட்டியதற்கு நன்றி. இதுவரை அவர்களைச் சேர்க்கவில்லை. இப்போது சேர்த்துவிட்டோம்.'

அப்படிச் சேர்ந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் ஐந்து பேர் மழைக் காலத்தில் முறை வைத்து நீர்மட்டக் கருவிகளைக் கவனிப்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஆறு ஏறுவது ஆற்றுக்கு மட்டும்தான் தெரியும். டக்கும் ஒருவர், அவருக்குப் பதவி உயர்வு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நேற்று மதியம் முழுக்க "எந்த முட்டாள் இதைக் கேட்டுத் தொலைத்தான்?" என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். தான் அனுப்பிய கடிதத்தை அவர் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. ஐந்தாவது கேள்வி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். இவர், "உங்கண்ணா ரிட்டயர் ஆகியும் ஆள் குறைக்கறார்" என்றார். மானஸா, "வெயிட், அம்மா, யூ ரிப்போர்ட்டட் யுவர்செல்ஃப்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலை போனால் அது என் தலைவிதி என்று இருந்துவிடுவேன். மற்றப் பத்துப் பேர் என்ன பண்ணினா? நான் வாயை மூடிண்டு இருந்திருந்தா அவா பாட்டுக்கு வேலை பார்த்துண்டு இருந்திருப்பா. நாளை காலை எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லப்போகிறேன். நீக்கக்கூடாது என்பதற்கான விளக்கத்தை எழுத்தில் தர வெள்ளி நண்பகல் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் என் சொந்த புத்தியில் எழுதிக்கொள்வேன். தயவுசெய்து கூப்பிட வேண்டாம், வாட்ஸ்அப்பில் மாதிரிக் கடிதம் அனுப்ப வேண்டாம், பழைய சிநேகிதர் யாரையும் கலந்தாலோசிக்க வேண்டாம். இனி அரசாங்க விஷயமாக நமக்குள் பேச்சே கிடையாது.

மன்னிக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளச் சொல்லவும். உங்கள் ஆசீர்வாதம் மட்டும் போதும், ஆலோசனை வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கை ஷ்யாமளா

பின்குறிப்பு, வியாழன் மதியம்: இதை இன்னும் அனுப்பாமல் வைத்திருந்தேன். கேள்விகளை நீங்கள் சொல்லிக்கொடுத்தது உட்பட எல்லாவற்றையும் காலையில் சொல்லிவிட்டேன். டக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "உன் அண்ணன் எத்தனை முதலமைச்சர்களைப் பார்த்திருப்பார்?" என்றார். ஆறு என்றேன். "எல்லோரும் ஆணை போட்டார்களா?" போட்டார்கள். "அவருக்கு எப்போது வேலை போனது?" ஐம்பத்தெட்டு வயதில், மாலை போட்டு அனுப்பினார்கள் என்றேன். அறையில் பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். உங்களுக்குக் காலை ஆறு மணி ஆனதும் உடனே கூப்பிடவும். எங்களுக்கு அப்போது மாலை ஏழரை, ஆனால் யாரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை. ஸ்பீக்கரில் போடுவேன், இங்கிலீஷில் நிதானமாகப் பேசவும். டக் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள் அண்ணா: இந்தத் தடவை கடிதத்தில் ஒரு கேள்விகூட இருக்கக்கூடாது.