அறுக்க விடமாட்டேன்

"ஒண்ணு கிழிஞ்சிருக்குன்னு வந்தா, இன்னொண்ண அறுக்கணும்னு சொல்றீங்களே, டாக்டர்!"

பெயின்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "தோளுக்கு மேல தசைநார் கிழிஞ்சிருக்கு. அத தச்சிடலாம். ஆனா முன்பக்கம் உயிர் போகுதுன்னீங்களே, அது வேற. புஜத்துலேருந்து தோளுக்குள்ள போற நார் நைஞ்சு கெடக்கு. அத அறுத்து விட்டாத்தான் அந்த வலி விடும்."

"காலர் கிழிஞ்ச சட்டையக் குடுத்தா கையையும் வெட்டுவேங்கறீங்க. தையல்காரனா இருந்தா உதைச்சிருப்பேன்!"

வெளியே வந்தும் கோபம் ஆறவில்லை. ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்துச் சீலிங் வேலை தொடங்குகிறது. கை தலைக்கு மேல் போகாவிட்டால் மேஸ்திரி பொறுப்பு மச்சானுக்குப் போய்விடும். பிரஷ்ஷைக் கழுவி வைக்கக்கூடத் தெரியாத மச்சானுக்கு!

வீட்டில் மனைவி எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள்.

"ஏய், மெதுவா! உப்புத்தாள் போட்டுச் சுவரத் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறே!"

"வலிக்கிற எடத்துலதான தேய்க்கச் சொன்னீங்க? வாய்க்கும் சேத்துத் தேய்க்கட்டுமா?"

மறுநாள் சட்டை போடக்கூடக் கை எழவில்லை. மச்சான் பார்க்க வந்தான்.

"துரு புடிச்சிருக்கு, மாமா. வெயிட்டத் தூக்குங்க, சரியாப் போயிடும்."

தண்ணீர்க் கேனைத் தூக்கினார். அதன்பிறகு பல் தேய்ப்பதும் இடது கையால்தான். பேஸ்ட் மூக்கில் ஏறியது. அதற்கும் மனைவிக்குத்தான் திட்டு.

வியாழக்கிழமை மச்சான், மூலையில் இருந்த அவருடைய ரோலரை எடுத்து வீசிப் பார்த்தான். இன்னொரு கையில் பெயின்ட் வாளி.

"இது எனக்குத் தோதா இருக்கு, மாமா."

"வைடா கீழ! நான் இன்னும் சாகல!"

இருபது லிட்டர் வாளியை வலது கையால் வெடுக்கென்று பிடுங்கினார். தோளுக்குள் 'டப்' என்றது. வாளி விழுந்து கூடம் முழுக்க வெள்ளையாயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார். மனைவி தரையைப் பார்த்து அலறினாள்.

மூன்று நாளில் புஜம் நீலம் பாரித்தது. ஆனால் முன்பக்க வலி போன இடம் தெரியவில்லை. அதோடு, கைச்சதை பந்துபோல் திரண்டு நின்றது.

"பார்த்தியாடி, பயில்வான் கை!"

"இன்னொரு கை பெயின்டராவே இருக்கே."

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

"போச்சு டாக்டர்! உங்க கத்தி இல்லாமலே வலி போச்சு! சதையும் ஏறியிருக்கு. இன்னும் எத்தன பேரு கைய இப்படி அநியாயமா அறுக்கப் போறீங்க?"

டாக்டர் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்தார். "கையத் தலைக்கு மேல தூக்குங்க."

பயில்வான் கை நெஞ்சு மட்டத்தைத் தாண்டவில்லை.

"இது ஏறின சதையில்ல, மேல பிடிப்பு விட்டுச் சுருண்ட சதை" என்றார் டாக்டர். நர்ஸ் ஆபரேஷன் ஃபாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"தைக்கறது மட்டும் இருக்கட்டும், டாக்டர். அறுக்கறத அடிச்சிடறேன். அத இவரு வீட்லயே அறுத்துக்கிட்டு வந்துட்டாரு."