வெண்ணெய்க்கு நல்ல நேரம்

நீங்கள் எப்போதாவது ஒரு துண்டு ரொட்டியிடம் தோற்றிருக்கிறீர்களா?

மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அதெல்லாம் சில்லறைச் சாதனை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை ரொட்டி கிழியாமல் எவன் வீட்டில் தடவுகிறார்களோ, அவனே நாகரிகம் அடைந்தவன். இதை நான் சொல்லவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வைத்திலிங்கம் சொன்னார்.

தெருவில் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே', அதாவது 'ஐயா', என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இவர் இருந்ததில்லை. பிரான்சுக்கு மிக அருகில் இவர் போனது சென்னை விமான நிலையம் வரை, அண்ணனை வழியனுப்ப. ஆனாலும் அண்ணன் கொண்டுவந்த வெண்ணெய்க் கத்தி இவரிடம்தான் இருக்கிறது. மழுங்கல் கத்தி. எதையும் வெட்டாது. அதனால்தான் அது உயர்ந்தது.

நான் செங்கோட்டைப் பக்கத்துக்காரன். இங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அவர் வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருக்கிறேன். என் ரொட்டிக்கு நானே கரண்டிக் காம்பால் ஜாம் தடவிக்கொள்கிறவன். என் தரம் இதிலேயே தெரிந்துவிடும். குடிவந்து ஒரு வருடமாகப் போகிறது, என் கதவை யாரும் தட்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முசியே தட்டினார்.

"தம்பி, கீழ வாங்க. ஒரு மீட்டிங்."

விஷயம் இதுதான். அவருடைய மகள் ஹேமலதாவை மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை அருள்முருகன் பாரிசுக்குப் பக்கத்தில் பாலம் கட்டும் இன்ஜினியர், பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர். மாப்பிள்ளையின் அம்மா அன்புசெல்வி போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாராம். "சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் வேணாங்க. எங்க வீட்டுல காலைல ரொட்டியும் வெண்ணெயும்தான். பொண்ணு அத அழகா தடவிக் குடுத்தா போதும். வேற எதயும் எதிர்பாக்கல."

நகை கேட்கவில்லை. கார் கேட்கவில்லை. என்ன ஒரு பெருந்தன்மை!

கூட்டம் கூடத்தில் கூடியது. தலைமை, முசியே. முன்னிலை, அவர் மனைவி வரலட்சுமி அம்மாள். 'தொழில்நுட்ப ஆலோசகர்', பக்கத்து வீட்டு ஏசி மெக்கானிக் சின்னக்கண்ணு. பேனா வைத்திருந்த காரணத்தால் நான் 'செயலாளர்' ஆனேன். தடவப்போவது ஹேமலதா என்பதால் அவளை மட்டும் கூப்பிடவில்லை.

முசியே ஆய்வு முடிவுகளை வாசித்தார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் தடவினால் வெண்ணெய் செங்கல்லாக இருந்து ரொட்டியைக் கிழிக்கிறது. ரெண்டு மணி நேரம் வெளியே வைத்தால், இது மே மாசம், தட்டிலிருந்து இறங்கித் தரையில் நடக்கிறது. அரை மணி நேரம் வைத்தால் பதம்.

"அவங்க வர்றது ஒம்பதேகால், நல்ல நேரம். அப்ப எட்டே முக்காலுக்கு எடுக்கறோம்" என்றார்.

வரலட்சுமி அம்மாள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "எட்டே முக்காலா? திங்கக்கெழம ஏழரையிலேந்து ஒம்பது ராகு காலம். அந்த நேரத்துல எவளாச்சும் ஃப்ரிட்ஜத் தொறக்கட்டும், பாத்துக்கறேன்."

"ஒம்பதுக்கு எடுத்தா கல்லு மாரி இருக்கும்டி."

"ஏழேகாலுக்கே எடுத்து வைங்க."

"ஏழேகாலுக்கு எடுத்தா ஒம்பதேகாலுக்கு வெளக்குதான் ஏத்தணும்."

சின்னக்கண்ணு செருமினார். "அண்ணே, ஒரு ஏசியக் கொண்டாந்து ஹால்ல மாட்டிடறேன். ஏழேகாலுக்கு எடுத்தாலும் வெண்ண அப்பிடியே கம்முனு கெடக்கும்."

"ஏசி போட்டா கதவச் சாத்தணும். கதவச் சாத்திட்டா பிரான்சுலேந்து மாப்ள வந்தது தெருவுக்கு எப்பிடிய்யா தெரியும்?"

"அது நாயந்தாண்ணே" என்றது தொழில்நுட்பம்.

வெண்ணெயை ஒன்பது மணிக்கே எடுப்பது, மீதியைப் பெண்ணின் சாமர்த்தியத்துக்கு விடுவது என ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்போதுதான் ஹேமலதா தோளில் பையுடன் உள்ளே வந்தாள். அரியாங்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. ஞாயிறும் உண்டு.

"அப்பா, நாளைக்கி நான் அவர ஒண்ணு கேக்கணும்."

"என்னா?"

"அங்க போனா நான் வேலைக்குப் போலாமான்னு. அது தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"கேளேன், யாரு வேணாம்னது? மொதல்ல தடவு. அப்பறம் கேளு."

நிகழ்ச்சி நிரலில் அதை 'இதர' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு அவர்கள் வந்தார்கள். கதவு, சன்னல் எல்லாம் அகலத் திறந்திருந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் காலையிலிருந்தே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சாதுவான ஆள். எங்கே உட்காருவது என்று அம்மாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஹேமலதா பட்டுப்புடவையில் வந்தாள். தட்டில் ரொட்டி, கிண்ணத்தில் வெண்ணெய், கையில் அண்ணன் கத்தி. வெண்ணெய் கட்டளைக்குக் கட்டுப்பட்ட கல்லாக இருந்தது. அழுத்தினாள். முதல் துண்டில் ஓட்டை விழுந்தது. ரெண்டாவது துண்டில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. மூன்றாவதில் வெண்ணெய்க் கட்டி தெறித்து மாப்பிள்ளையின் மடியில் போய் உட்கார்ந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா எடுத்துப் போட்டார்.

ஹேமலதா கத்தியைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். "நீங்க ஒண்ணு தடவிக் காட்டுங்க. உங்க ஊரு பழக்கம், பாத்துக் கத்துக்கறேன்."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிரான்சே வந்து தடவிக் காட்டப்போகிறது!

"நானா?" என்றார் மாப்பிள்ளை. "எனக்குத் தெரியாதுங்களே. அம்மாதான் தடவி வெச்சிடுவாங்க."

அன்புசெல்வியின் முகத்தில் பெருமை பொங்கியது. "எம்புள்ள கத்தியத் தொட்டதே இல்லீங்க. நான் விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குக் கெளம்பணும். அதுக்குள்ள எழுந்து இவனுக்கு நாலு துண்டு தடவி மூடி வெச்சிட்டுத்தான் போவேன். எனக்கும் கை வலிக்குது. அதான் பொண்ணு பாக்கறோம்."

ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலம் போடுகிறவர், ரொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஆள் தேடிப் புதுச்சேரி வரை பறந்து வந்திருக்கிறார். நாகரிகம் என்றால் இது!

"அப்ப நானும் வேலைக்குப் போனா?" என்றாள் ஹேமலதா.

'இதர' வந்துவிட்டது. மாப்பிள்ளை உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு மலர்ந்தது.

"மொத நாள் ராத்திரியே தடவி ஃப்ரிட்ஜுல வெச்சிட்டா?"

"அண்ணே, இது நமக்குத் தோணலியே!" என்று சின்னக்கண்ணு தொடையில் தட்டினார். முசியே மாப்பிள்ளையைக் கண் கலங்கப் பார்த்தார்.

"எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. இந்த ஓட்ட எல்லாம் போகப் போக சரியாயிடும்" என்றார் அன்புசெல்வி.

ஹேமலதா கத்தியைத் தட்டில் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள்.

"எனக்குப் புடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விருந்தினர் போனபிறகு அவசரக் கூட்டம் கூடியது. காரணம் ஆராயப்பட்டது. மாப்பிள்ளைமேல் குற்றமில்லை. அவர் அம்மாமேல் குற்றமில்லை. ராகு காலம் குற்றத்துக்கு அப்பாற்பட்டது.

"எல்லாம் இந்த வெண்ணயாலதான்" என்றார் முசியே. "எட்டே முக்காலுக்கு எடுத்திருந்தா இந்நேரம் நிச்சயம் பண்ணியிருக்கலாம்."

வெண்ணெய் குற்றவாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் என் கதவு ரெண்டாம் முறையாகத் தட்டப்பட்டது. ஹேமலதா, கிழிந்த ரொட்டிகளை ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"வீணாப் போவுதுண்ணா. நீங்களே தடவிப்பீங்க இல்ல?"

"தடவிப்பேம்மா."

"இந்த வீட்டுல ஒருத்தராவது இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நாகரிகம் இல்லாதவனுக்குக் கிடைத்த பாராட்டு. நான் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

மறுநாள் காலை ஹேமலதா வேலைக்குக் கிளம்பும்போது வெண்ணெயை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரம் கழித்து நான் கீழே இறங்கினேன். வெண்ணெய் பதமாக இளகியிருந்தது. ரொட்டி பக்கத்தில் இருந்தது. கத்தி முசியேயின் வலது கையருகில் இருந்தது. அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "வரலு, வந்து இதக் கொஞ்சம் தடவிட்டுப் போ" என்று கூப்பிட்டார்.