யாகப்பன் விரலில் தொங்கிய நட்டுப் பை

சூசையப்பர் துணை
ஸ்ரீபெரும்புதூர்,
11-3-1986

அன்பும் படிப்பும் நிறைந்த என் தங்கை மகன் செல்வநாதனுக்கு, தாய்மாமன் யாகப்பன் வலது கையாலேயே எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தை சவரியம்மாளும் சுகம். அவ்விடம் மெட்ராசில் உன் சுகத்துக்கும், ஆராய்ச்சிக்கு நீ கண்ணாடித் தட்டில் வளர்க்கிற கோழிக்கரு நரம்புகளின் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

செப்டம்பர் தேர்பவனியில் பெட்ரோமாக்ஸ் கண்ணாடி உடைந்து என் வலது மணிக்கட்டு நரம்பை அறுத்தது உனக்குத் தெரியும். டாக்டர் தைத்துவிட்டார், ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் மரக்கட்டை. எனக்கு வேலையே தகடு ஓரத்தில் விரலை ஓட்டிப் பிசிறு கண்டுபிடிக்கிறதுதானே! சூப்பர்வைசர் ரங்கநாதன் சார் வூட்டுக்கே வந்து, "யாகப்பா, மார்ச்சுக்குள்ள உணர்ச்சி வரலேன்னா லைன்ல வெச்சுக்க முடியாதுப்பா"ன்னுட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கல.

அப்பதான் சாமி அனுப்பின மாதிரி உன் கடுதாசி வந்துச்சு. கண்ணாடி ஊசி நுனியால நரம்பை மெல்ல இழுத்தா இழுத்த பக்கம் வளருது, தளர விட்டா சுருங்கிக்குது, இழுப்பு கிடைக்கிற கிளை நிக்குது, கிடைக்காதது வாடிப்போவுதுன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் உட்கார முடியுமா? இருபது வருஷம் பிரஸ் ஷாப்ல இருந்தவன் நான், இழுக்கிறது எப்படின்னு எனக்கா தெரியாது? மஞ்சப்பையில இரும்பு நட்டு போட்டு, அத்தையை விட்டு விரல்ல கயிறு கட்டச் சொல்லி, தெனம் காலையில அரைமணி நேரம் தொங்கவிட்டேன். வாரத்துக்கு ரெண்டு நட்டு கூடப் போடச் சொல்லி அவகிட்டயே குடுத்தேன். அத்தை தலையில அடிச்சுக்கினா. "உனக்கு இன்னா தெரியும், இது விஞ்ஞானம்டி"ன்னேன்.

நேத்து ரங்கநாதன் சார் ஒரு தகடு கொண்டாந்து என்னைக் கண்ணை மூடச் சொன்னார். விரலை ஓட்டினேன். "சார், இங்க பிசிறு கீது சார்!" அவ்ளோதான், ரெண்டு பேரும் அழுதுட்டோம். திங்கக்கிழமை நான் லைன்ல. மருமகனே, நீ நல்லா இருக்கணும்! என் கணக்கும் உன் படிப்பும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் காப்பாத்திடுச்சு.

உன் கண்ணும் கையும் என்றும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு, உன் மாமன்,
யாகப்பன்

பி.கு.: கடுதாசியை ஒட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பையை நானே எடுத்துப் பாத்தேன். லேசா இருந்துச்சு. அவிழ்த்தா, உள்ளே ரெண்டு பிடி தவிடு! அத்தையைக் கேட்டேன். "மருமகன் கடுதாசியில நீங்க முதப் பக்கத்தோட எழுந்துட்டீங்க. ரெண்டாம் பக்கத்துல, 'இழுப்பு மிஞ்சினா அறுந்துடும், தட்டுல நடக்கிறது கையில நடக்கும்னு நம்பாதீங்க, டாக்டர் சொன்னதைத் தாண்டி எதுவும் பண்ணாதீங்க'ன்னு எழுதிக்கீறாரு. சொன்னா கேட்டிருப்பீங்களா? முத நாளே மாத்திட்டேன். மரத்த விரலுக்கு கனம் இன்னா தெரியப்போவுது?"ன்னா. இத்தனை மாசமா மனுஷி மூச்சு விடலடா! டாக்டர் தைச்ச நரம்பு தானாவேதான் வளந்திருக்கு. அதனால மேலே என் கணக்கைப் பத்தி எழுதினதெல்லாம் அடிச்சுடு. நன்றியை மட்டும் விட்டுவை, அது உன் அத்தைக்கு. நேர்லயே சொல்லலாம்னு கையைப் பிடிச்சேன். "போதும் போதும், பையைக் குடுங்க, மாட்டுக்குத் தவிடு வெக்கணும்"னுட்டுப் போயிட்டா.