மர்ஃபிக்கு இருபத்திரண்டு சதவீதம்

அந்தச் சனிக்கிழமை அமெரிக்காவின் கேட்டி நகரில் கோயில் ஹாலின் பார்க்கிங் நிரம்பி, எதிரே இருந்த மெத்தைக் கடையின் பார்க்கிங்கும் நிரம்பிவிட்டது. மக்கள் கருத்தைக் கணித்துச் சொல்லும் ஜனமத ஞானி வாஞ்சிநாதன் வந்திருக்கிறார்.

அமெரிக்க மக்களின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கருத்துக்கணிப்புக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு போன் போட்டுத் திணறுவார்கள். ஞானிக்கு அந்தத் தொல்லை இல்லை. தொகுதி வரைபடத்தின் மேல் ஒரு ருத்திராட்சத்தை நூலில் தொங்கவிடுவார். அது ஆடும். அவர் சதவீதம் சொல்வார். பார்சிப்பனி, குபெர்டினோ ஊர்த் தேர்தல்களில் அப்படியே பலித்ததாக யூடியூப்பில் வீடியோ இருக்கிறது. பலிக்காதவற்றுக்கும் வீடியோ இருந்தது, இப்போது இல்லை.

அவரை வரவழைத்தவர் எண்ணெய் கம்பெனி எஞ்சினியர் சேனாபதி. அவர் மனைவி கலாவதி உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கிறார். பள்ளிப் பேருந்துகளைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. குறைத்தால் அவர்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஃப்ரீவேயை ஒட்டிய ஆறு வழிச் சாலையை நடந்து கடக்க வேண்டும். திங்கட்கிழமை முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடக்கம். ஞாயிறு முழுக்க வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவது என்று, பிரச்சாரத்தைக் கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் கயல் திட்டம் போட்டிருந்தார்.

ருத்திராட்சம் ஆடியது. கலாவதிக்கு எழுபது, எதிர் வேட்பாளர் பிராடுக்கு முப்பது என்றார் ஞானி. சந்தேகம் இருந்தால் கலாவதியின் ஆதரவாளர்கள் கை தூக்கலாம் என்றார். ஹால் முழுக்கக் கைகள். பலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏசியும் கொஞ்சம் அதிகம்தான்.

"நாளைக்குக் கதவு தட்டப் போகாதீங்கோ. ஜனமதம் கலைஞ்சிடும். ஜனவசிய ஹோமம் பண்ணிடலாம், நானே நடத்தி வெக்கறேன்."

சேனாபதி ஏற்கெனவே கார்டைத் தேய்த்திருந்தார். கலாவதியின் முகத்தில் நிம்மதி. முன்பின் தெரியாத அமெரிக்கர் வீட்டுக் கதவைத் தட்டுவதைவிடப் புகையில் உட்கார்வது எளிது.

கயல் எழுந்தார். "சுவாமி, அந்த மர்ஃபிக்கு எவ்வளவு?"

ஞானி தயங்கவில்லை. நூல் ஆடியது. "இருபத்திரண்டு. ஏறுமுகம்."

எழுபதும் முப்பதும் ஏற்கெனவே நூறு. அங்கே இருந்த டேட்டா அனலிஸ்டுகளில் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் மக்கள் கருத்து உருவாகத் தொடங்கிவிட்டது. மர்ஃபி டிபேட்டில் கெட்டிக்காரன் என்றார் ஒருவர். நம்மவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாதாமே என்றார் நஞ்சுண்டன் அங்கிள்.

"போஸ்ட்மேனைக் கண்டாத்தான் ஆகாது, அங்கிள்," என்றார் கயல். "மர்ஃபி எங்க வீட்டு லாப்ரடார் நாய்."

பின் வரிசையில் யாரோ சிரிக்க, அது முன் வரிசை வரை வந்தது.

ருத்திராட்சம் ஆத்மாவைத்தான் பார்க்கும், உடம்பைப் பார்க்காது என்றார் ஞானி. இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.

நஞ்சுண்டன் அங்கிளுக்குக் கோபம். "நாய் கதைய விடும்மா. நாங்க இத்தனை பேர் கை தூக்கினோமே, அது பொய்யா?"

"இல்ல அங்கிள். இன்னொரு வாட்டி தூக்குங்க. சிட்டிசனாகி, வோட்டரா ரெஜிஸ்டர் பண்ணி, நம்ம தொகுதியில இருக்கறவங்க மட்டும்."

ஹெச்-ஒன் விசாக் கைகள் எழவில்லை. கிரீன் கார்டுக் கைகள் எழவில்லை. பேரனைப் பார்க்க வந்த சென்னைக் கைகள் மடியிலேயே இருந்தன. எழுந்தவை நான்கு: கலாவதி, சேனாபதி, கயல். நான்காவது கையில் புளியோதரைக் கரண்டி இருந்தது, பரிமாறிக்கொண்டிருந்த செழியனுடையது.

ஞானிக்குத் திடீரென்று விமானம் நினைவுக்கு வந்தது. வரைபடத்தைச் சுருட்டினார்.

கலாவதி நான்கு கைகளையும் பார்த்தார். "அப்ப வோட்டு போடறவங்கல்லாம் எங்க இருக்காங்க, கயல்?"

"கதவுக்குப் பின்னாடி, அக்கா."

கலாவதி வாசலுக்குப் போய் ஸ்னீக்கர்ஸைத் தேடி மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் காத்திருக்கவில்லை. வோட்டு இல்லாவிட்டாலும் கால் இருக்கிறதே என்று ஹெச்-ஒன் இளைஞர்கள் சிலர் பின்னால் போனார்கள்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் டாலஸிலிருந்து ஒரு ஃபார்வர்டு வந்தது: 'கேட்டித் தமிழர்களே உஷார். மர்ஃபி முன்னேறுகிறான்.' அதை மேலும் பரப்பியவர்களில் நான்கு பேர் முந்தின நாள் அந்த ஹாலில் சிரித்தவர்கள்.

மர்ஃபி அப்போது கலாவதியோடு தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் பிஸ்கட் போட்டார்கள். விழுங்குவதற்கு முன் முகர்ந்து பார்த்தது.

நாமும் அந்த அளவுக்காவது முயன்று பார்க்கலாம்.