அத்தையின் கொண்டையும் கம்ப்யூட்டர் தோளும்

குற்றாலத்துச் சீசனுக்கு வந்து சேரும் ஜீவராசிகளில், குரங்குக்கு அடுத்தபடியாக நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது கம்ப்யூட்டர் படித்தவரிடம். குரங்காவது வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இவர் உட்கார்ந்து விளக்குவார்.

அடையாளம் காண்பது சுலபம். கக்கத்தில், கம்ப்யூட்டர் அச்சடித்துத் தள்ளிய, ஓரமெல்லாம் ஓட்டை போட்டு மடிப்பு மடிப்பாக விரியும் காகிதக் கட்டு இருக்கும். சாரல் விழுந்தால் ஊரே தலையை மூடிக்கொண்டு ஓட, இவர் கட்டைத் துண்டால் மூடிவிட்டுத் தான் நனைவார். வாயைத் திறந்தால் 'கம்ப்யூட்டர்ல பார்த்தா' என்றுதான் தொடங்குவார். எதிரே இருக்கும் ஆளைப் பார்த்தாரா? அதுதான் கிடையாது.

மாதிரிக்கு இலத்தூர் உச்சிமாகாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் ஊருக்கு வந்தார். அவருடைய அத்தை ரெங்கம்மாள் அதற்கு முந்தைய சீசனில் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து, வலது தோள் எலும்பு நொறுங்கிவிட்டது; மதராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் அதை எடுத்துவிட்டு உலோகக் குமிழ் வைத்து அனுப்பியிருந்தார்கள். உச்சிமாகாளியின் ஆராய்ச்சியும் அதேதான். மாற்றிவைத்த தோள் எந்தப் பக்கம் எவ்வளவு அசையும், எங்கே போனால் குமிழ் இடம் விட்டு நழுவும் என்பதை, எலும்பையும் தசையையும் கம்ப்யூட்டரில் கோடுகளாக்கிக் கண்டுபிடிப்பது. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை.

ரெங்கம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தன் கொண்டையைத் தானே போட வேண்டும். மாதக்கணக்கில் மருமகள் முப்பிடாதியிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிற இறுக்கில் மாமியாருக்குப் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும்.

"ஏலே உச்சி, இனி நானே கொண்டை போடலாமாலே?"

காகிதம் நடுவீட்டிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் விரிந்தது.

"கம்ப்யூட்டர்ல பார்த்தா முடியாது அத்தை. கை பிடரிக்குப் போச்சுன்னா குமிழ் முன்னால நழுவிரும்."

"எங்கன தூக்கினா இழுத்துப் புடிக்குதுன்னு நான் சொல்லுதேன், கேக்கியா?"

"நீங்க சொல்லுதது கணக்குல வராது அத்தை."

ரெங்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்போ சாவுத வரைக்கும் இவகிட்டதான் தலையக் குடுக்கணுமா?" என்றாள். பாவம், முப்பிடாதிக்கும் முகம் சுண்டிப்போனது. அவளுக்கு மட்டும் இது ஆசையா என்ன?

உச்சிமாகாளி குனிந்து அடுத்த மடிப்பைத் தேடினார். அத்தையும் குனிந்தாள், ஆனால் காகிதத்தைப் பார்க்க அல்ல. முடி முழுக்க முன்னால் வந்து விழுந்தது. கையைத் தலைக்குத் தூக்காமல், தலையைக் கைக்குக் கொண்டுவந்தாள். மார்பு உயரத்திலேயே இடது கை வளைத்துப் பிடிக்க, வலது கை சுற்றிச் செருகியது. நிமிர்ந்தபோது உச்சந்தலையில் ஒரு கோணல் கொண்டை நின்றது. கோணலானால் என்ன? சொந்தக் கொண்டை.

"ஏலே, ஒன் படத்துல தலை எங்கலே?"

உச்சிமாகாளி காகிதத்தைப் பார்த்தார். தோள் இருந்தது, கை இருந்தது, விரல் நுனி வரை கோடு இருந்தது. தலையை மட்டும் காணோம். மனுஷன் வெட்கப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"பிடரிக்குன்னு ஒரு புள்ளி வச்சிருக்கேன் அத்தை. அது அசையக் கூடாது. நீங்க போட்டது தப்பு. அவுத்துட்டு மறுபடி போடுங்க!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "உடம்பு என்னமோ பண்ணுது" என்று சொன்னபோது, அவள் நெற்றியில் ஒரு கை வைக்காமல், தெர்மாமீட்டரை உதறி வாயில் செருகி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே, நார்மல்தான், போய்க் காபி போடு" என்றது யார்?