இடது பெஞ்சுக்குக் குரங்கு, வலது பெஞ்சுக்குப் பிரம்மா

உலகம் எப்படி உண்டாயிற்று என்பதைத் தென்காசி வட்டாரத்தில் முடிவாகச் சொல்லத் தகுதி உள்ளவர் சுந்தரபாண்டியனார் ஒருவரே. பள்ளிக்கூடக் கட்டடம் அவருடையது, மானேஜரும் அவரே.

"வே சிவசைலம், என் பாட்டன் குரங்கா?"

மூன்றாம் பாரம் வகுப்புக்கு சயன்ஸ் எடுக்கும் சிவசைலம் கையைக் கட்டிக்கொண்டார். "பாட்டன் இல்லை எசமான். அதுக்கும் பல லட்சம் வருஷம் முந்தி... புதுப் புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கு."

"எங்க வீட்டுப் புஸ்தகத்துல பிரம்மா படைச்சதா போட்டிருக்கு. சயன்ஸ் வகுப்புல ரெண்டையும் சரிசமமா நடத்தும். இல்லேன்னா ஒண்ணாந்தேதி முதல் வீட்டுல இரும்."

வீட்டில் இருந்தால் ஆறு வயிறு காயும். சிவசைலம் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தார். இந்தப் பக்கம் குரங்கு, அந்தப் பக்கம் பிரம்மா.

"பரீட்சையில எதை சார் எழுத?" என்று வகுப்பே கேட்டது.

பயத்தில் ஒரு யோசனை பிறந்தது. இடது பெஞ்சு குரங்கை மட்டும் படிக்கட்டும். வலது பெஞ்சு பிரம்மாவை மட்டும். இரண்டே நாளில் வகுப்பு இரண்டு கட்சியானது. பிரம்மா கட்சியில் ஒருவனுக்குப் பல் போயிற்று.

தமிழ் வாத்தியார் ஞானசம்பந்தம் காதோடு வந்து சொன்னார்: "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறார்வே. சயன்ஸ்ல எம்.ஏ. வலது பெஞ்சு வாயைத் திறந்தா உம்ம சர்டிபிகேட் போச்சு. பக்கத்துலயே மானேஜர் இருப்பார். இடது பெஞ்சு திறந்தா வேலை போச்சு."

"ரெண்டும் திறக்கலேன்னா?"

"பாடமே நடத்தலேன்னு போச்சு."

இன்ஸ்பெக்டர் குற்றாலத்தில் தங்கியிருந்தார். முந்திக்கொண்டு அவர் காலில் விழுந்துவிடுவோம் என்று சிவசைலம் சாரலில் நனைந்தபடியே அங்கே ஓடினார். வழியெல்லாம் மரத்துக்கு மரம் குரங்கு. ஒன்றையும் நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

தாலுகாவின் இன்ஸ்பெக்ஷன் எல்லாம் ஆடிச் சாரலில்தான் விழும். இன்ஸ்பெக்டருக்கு அருவி ஒத்துக்கொள்ளும். அவர் கோவணத்தோடு பாறையில் குப்புறக் கிடந்தார். சேவகன் மாடக்கண்ணு முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். சிவசைலம் கோடு, பெஞ்சு, பல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

இன்ஸ்பெக்டர் எண்ணெய் வழிய எழுந்து உட்கார்ந்தார்.

"சயன்ஸ் வகுப்பில் புராணமா! ஓய், சயன்ஸ் என்றால் என்ன? முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். பார்க்காததை எழுதுகிறவனுக்குக் கல்வி இலாகாவில் இடமே இல்லை!"

"ஐயா, ஆறு வயிறு..."

"சர்டிபிகேட் ரத்து! மாடக்கண்ணு, அந்தப் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டை எடு. இப்பொழுதே எழுதுகிறேன்."

மாடக்கண்ணு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு காகிதக் கட்டைப் பிரித்தான். ஒரு தாளை உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எழுத இடம் இல்லை எசமான். நாளைக்கு அங்கன போயிப் பார்த்துட்டு வந்ததா முந்தாநாளே எழுதி, சயன்ஸ் வகுப்பு ரொம்பத் திருப்தின்னு கையெழுத்தும் போட்டாச்சு."