முதுகில் தைத்த மாப்பிள்ளை முகம்

ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவன் முதலில் செய்கிற காரியம், அந்த வேலைக்கு எந்த மென்பொருள் சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. எனக்கு வரைய வராது. ஆனால் வரைகிற மென்பொருள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எவரும் தன் பஸ்ஸை விட்டுவிடுவார்.

அக்கா ஷீலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்தத் திறமைக்கும் வேலை வந்தது. மணப்பெண்ணின் ஜாக்கெட் முதுகில் மாப்பிள்ளை முகத்தைத் தைத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது (யார் ஆரம்பித்தார்களோ, நன்றாக இருக்கட்டும்). அக்கா அதைக் கேட்டது ஆசையால் இல்லை, பயத்தால். மாப்பிள்ளை பிரிட்டோவின் அம்மா ரீட்டா டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அக்காவைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. காபியைக்கூட விடைத்தாள் திருத்துகிற முகத்தோடுதான் குடித்தார்.

"மகன் மொகத்தைப் பாத்தாவாச்சும் மனசு எறங்குவாகடா. கடையில குடுத்தா வேற யாரையாச்சும் போட்டுருவாய்ங்க. நீயே செஞ்சு குடு" என்றாள் அக்கா.

புகைப்படம் வெறும் புள்ளிகள். அதைக் கோடும் வளைவுமாக, அதாவது வெக்டராக, மாற்றிக் கொடுத்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், பேகம்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் பாய். ஒரு மாலை நேர வேலை. நான் மூன்று மென்பொருள்களை இறக்கி, கல்யாணம் நெருங்கும்வரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோதனைக்கு ஒரு கத்திரிக்காயை மூன்றிலும் மாற்றிப் பார்த்தேன். மூன்றிலும் அது கத்திரிக்காயாகத்தான் இருந்தது. அதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

கடைசியில் பிரிட்டோவின் படத்தைப் போட்டேன். காசு கேட்காத முதல் மென்பொருள் ஒன்றையும் விடவில்லை. கன்னத்துப் பரு, கண்ணாடியில் தெரிந்த ட்யூப்லைட், பின்னாலிருந்த திரைச்சீலைப் பூ, எல்லாவற்றையும் கோடாக்கியது. பாய் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தையல் போட்டா துணி தகரமாட்டம் வெறச்சுக்கிரும் தம்பி. கொறச்சுக் கொண்டாங்க" என்றார்.

இரண்டாவது மென்பொருளில் 'மென்மை' என்று ஒரு பட்டி இருந்தது. இழுக்க இழுக்கக் கோடு குறைந்தது. ஒரு இழுப்பில் பரு போனது. அடுத்ததில் கண்ணாடி போனது. அதற்கடுத்ததில் தாடி கழுத்தோடு கரைந்து, மீசை மட்டும் காதை நோக்கிப் புறப்பட்டது. நெற்றியில் விழுந்த வெளிச்சத்தை அது வழுக்கை என்று எடுத்துக்கொண்டது. நான் விடுவேனா? மூன்றாவது மென்பொருளில், கைபேசியில் விரலால், எண்ணெய் வைத்து வகிடெடுத்த முடி வரைந்தேன். அற்புதமாக இருந்தது என்று அன்று உண்மையாகவே நம்பினேன்.

ரிசப்ஷன் அன்று மதியம்தான் ஜாக்கெட் வந்தது.

"ஏலே, இது யாரு?" என்றாள் அக்கா.

"மச்சான்தான்க்கா. வெக்டர்ல அப்படித்தான் இருக்கும்."

அவள் என்னை அடிக்கவில்லை, அழுதாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் புடவைக்கு வேறு ஜாக்கெட் கிடையாது. நான்கு முழப் பூவை எட்டு முழமாக்கி, முதுகு முழுக்க மல்லிகையைத் தொங்கவிட்டு மேடையேற்றினோம்.

போட்டோகிராபர் கெடுத்தார். "பூவைச் செத்த ஒதுக்குங்க மேடம், மொகம் தெரியட்டும்" என்று அவரே ஒதுக்கினார். பிரிட்டோ எட்டிப் பார்த்துவிட்டு, "ஷீலா, யாரு இவரு?" என்று மெதுவாகக் கேட்டான். அதற்குள் ரீட்டா டீச்சர் மேடைக்கு வந்துவிட்டார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, அக்காவின் முதுகை வாசித்தார். நான் பந்திக் கூடம் பக்கம் நழுவத் தயாரானேன்.

டீச்சர் அந்த மீசையை விரலால் தடவினார். "எங்க வீட்டுக்காரரும்மா இது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவன் கைக்குழந்தையா இருக்கையிலயே போயிட்டாரு. அவருக்கு நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல. ஸ்கூல் குரூப் போட்டோவுல குன்றிமணி சைஸுல நிப்பாரு. உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிரிட்டோவைப் பார்த்தாள். "மாமா ஆசீர்வாதம் இல்லாம எப்படி அத்தை" என்றாள்.

அன்று கட்டிப்பிடித்த மாமியார் இன்றுவரை மருமகளை விட்டுக்கொடுத்ததில்லை. அக்காவுக்குச் சமையலறையில் முழு உரிமை. (பிரிட்டோவுக்குத்தான் இல்லை.) ஆனால் மாமியார் கேட்டு வாங்கிக்கொண்ட ஜாக்கெட் திரும்பி வரவில்லை. டீச்சர் முதுகுத் துணியை மட்டும் வெட்டி, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டி, சந்தன மாலை சாத்தி, சீரியல் பல்பும் போட்டுவிட்டார். நினைவு நாளில் உறவுக்காரர்கள் அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்கிறார்கள். மகன் என்கிற முறையில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவது பிரிட்டோ.

இப்போது அவனுக்கு நிஜமாகவே முன்நெற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் தப்பாக வரையவில்லை, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்று நான் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் பிரிட்டோ முதலில் சுவரைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, டீச்சர் காதில் விழாதபடி அறிமுகம் செய்கிறான்:

"நம்ம மாப்ள. நான் உசுரோட இருக்கும்போதே எனக்குச் சந்தன மாலை போட்டவன்."